கம்பைலர் நிறுவப் புகுந்த கதை

உலகிலே பிறிதொன்றைச் சாராது தனித்து நிற்கும் பொருள் ஒன்றேனும் உண்டோ என ஆராயின், இல்லை என்றே விடை கூறல் வேண்டும். மரம் மண்ணைச் சார்ந்து நிற்கின்றது. மண் மழையைச் சார்ந்து வளம் பெறுகின்றது. மழையோ கடலையும் கதிரவனையும் சார்ந்தது. மனிதர் தம் அறிவாற் செய்த பொருள்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை, இக்கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தில் ஓரிரவு முழுதும் விழித்திருந்து யாம் கற்றுக்கொண்டோம். கற்ற பாடம் எளிது. அதற்குக் கொடுக்க நேர்ந்திருக்கக்கூடிய விலையோ பெரிது. அவ்விலையைக் கொடுத்திருக்க வேண்டியவர் யாமல்லேம், எம் நண்பரே என்பதை நினைக்குந்தோறும் இன்றும் நெஞ்சம் நாணுகின்றது. நம் கல்லூரியின் இளைய மாணவர்க்கு ஒரு சிறிது பயன்படும் என்னும் எண்ணத்தால் அந்நிகழ்ச்சியை ஒளியாது ஈண்டு எழுதப் புகுந்தோம். கணிப்பொறித் துறையிற் பயிற்சி இல்லாத அன்பரும் இதனைப் படித்தல் கூடுமாதலின், வேண்டும் விளக்கங்களை இடையிடையே சேர்த்துக் கூறுவோம். வல்லார் பொறுத்தருள்க.

2022ஆம் ஆண்டில் யாம் பௌதிக இளங்கலை வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தோம். விடுதியிலே எம்மோடு ஓரறையில் வசித்தவர் தாவரவியல் முதுகலை மாணவர். எம்மினும் மூத்தவராதலின் அவரை அண்ணா என்றே அழைப்போம். அவர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையின்பொருட்டு ஆற்றங்கரைச் செடிகள் சிலவற்றை வாரந்தோறும் சென்று அளந்து வருவார். செடியின் உயரம், இலையின் நீள அகலம், மண்ணின் ஈரம் ஆகிய இவற்றைச் சிறு தாள்களிற் குறித்துக்கொண்டு, அறைக்கு மீண்டதும் எம் மடிக்கணினியில் அட்டவணையாகப் பதிவார். தமக்கெனக் கணிப்பொறி வாங்கும் வசதி அவருக்கில்லை. எம்முடையதும் புதியதன்று, எம் தமக்கையார் தாம் பயன்படுத்திய பழைய கருவியை எமக்கு அளித்திருந்தார். பதிந்து முடித்த தாள்களை அண்ணா பேணி வைப்பதில்லை; சேறு படிந்த தாள்கள் அறையிற் குவிவதை அவர் விரும்பார். பதிந்தவற்றை வேறோரிடத்திற் படியெடுத்து வைக்கும் வழக்கமும் எம்மிருவரிடத்தும் இல்லை. இவ்வாறு ஐந்து மாதத்து உழைப்பு அக்கருவி ஒன்றனுள்ளே அடங்கிக் கிடந்தது.

நிற்க. அக்கருவியை இயக்கியது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் இதன் கருப்பகுதியை எழுதி உலகிற்கு வழங்கினார். கருப்பகுதி மட்டும் இருந்தாற் போதாது. அதனைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான நிரல்கள் வேண்டும். அவற்றுள் தலையாயது கம்பைலர். மனிதர் படித்தறியுமாறு எழுதிய நிரலை, இயந்திரம் உணரும் ஆணைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளன் என அதனைக் கூறலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜிசிசி என்னும் கம்பைலரே லினக்ஸ் உலகில் இன்றும் பெருவழக்காயுள்ளது. யாவரும் எடுத்துப் பயன்படுத்தவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடன் இவை தரப்பட்டமையால், எம்போன்ற எளிய மாணவரும் பொருட்செலவின்றி இவற்றைப் பெற முடிகின்றது.

ஆயினும் பல்லோர் பல நாடுகளிலிருந்து எழுதிய நிரல்களை ஒருவர் தாமே சேகரித்து ஒன்றோடொன்று பொருத்துதல் அரிய செயலாகும். இவ்வருமையை நீக்குதற்கு அமெரிக்காவில் மாணவராயிருந்த இயன் மர்டாக் என்பவர் 1993ஆம் ஆண்டில் டெபியன் என்னும் தொகுதியைத் தொடங்கினார். அதனை அடியாகக் கொண்டு 2004ஆம் ஆண்டில் எழுந்தது உபுண்டு. இத்தொகுதிகளில் ஒவ்வொரு நிரலும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் பன்னிரண்டாம் பதிப்பில் மட்டும் இத்தகைய பொதிகள் 64,000க்கு மேற்பட்டன. ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். இப்பொதி இன்னின்ன பொதிகளைச் சார்ந்தது, இன்ன பொதியோடு முரண்படும், இன்ன பொதிக்கு மாற்றாக நிற்கும் என்னும் செய்திகள் அச்சீட்டிற் காணப்படும். ஆப்ட் என்னும் நிரல் இச்சீட்டுகளையெல்லாம் படித்து, வேண்டியவற்றைத் தேர்ந்து, களஞ்சியத்தினின்றும் கொணரும். டிபிகேஜி என்னும் நிரல் கொணர்ந்தவற்றைப் பிரித்து உரிய இடங்களில் அடுக்கி வைக்கும். முன்னதனைக் கணக்குப்பிள்ளை என்றும், பின்னதனைச் சுமையிறக்குவோன் என்றும் உவமிக்கலாம். கணக்குப்பிள்ளை வீட்டின் இருப்பையும் கடையின் இருப்பையும் ஒத்துப் பார்த்தே பொருளை உள்ளே விடுவான். சுமையிறக்குவோனும் சீட்டைப் பார்ப்பவனே. ஆயினும், "எதையும் பாராதே, இறக்கு" என்று வற்புறுத்தினால் கீழ்ப்படிந்துவிடுவான். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்க. எம் கதை இதிலேதான் தங்கியுள்ளது.

அவ்வாண்டு நவம்பரில் ஒருநாள், சி என்னும் நிரல்மொழியில் ஆறு பயிற்சிகளை எழுதி மறுநாட் காலையில் ஓட்டிக் காட்டுமாறு எம் வகுப்பினர்க்குப் பணிக்கப்பட்டிருந்தது. வழக்கம்போல் முந்திய மாலை வரை யாம் வாளாவிருந்தோம். ஆறு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து நோக்கியபோதுதான் அதிற் கம்பைலர் இல்லை என்பது தெரிந்தது. அதனால் கவலை கொண்டிலேம். ஒரு வரி ஆணை போதும் என்பதை அறிந்திருந்தோம். "ஆப்ட் இன்ஸ்டால் பில்டு-எசென்ஷியல்" என எழுதினோம். பில்டு-எசென்ஷியல் என்பது தன்னுட் பெரும்பொருள் எதனையும் உடைய பொதியன்று. கம்பைலர், அதற்குத் துணையான மேக் என்னும் கருவி, லிப்சி6-டெவ் என்னும் பொதி முதலியவற்றை ஒருங்கே வருவிக்கும் அழைப்புச் சீட்டே அது.

பொதிகள் வரவில்லை, மறுப்பே வந்தது. "லிப்சி6-டெவ் என்னும் பொதி லிப்சி6இன் 2.35-0உபுண்டு3 என்னும் பதிப்பைச் சார்ந்தது, ஆனால் 2.35-0உபுண்டு3.1 நிறுவப்படவிருக்கின்றது" என ஒரு வரி. "சிக்கல்களைத் தீர்க்க இயலவில்லை, உடைந்த பொதிகளை நீர் பிடித்து வைத்திருக்கின்றீர்" என மற்றொரு வரி. இரண்டாம் வரியைப் படித்தவுடன் எமக்குச் சினம் மூண்டது. யாம் எதனையும் உடைத்தோமில்லை. எதனையும் பிடித்து வைத்தோமில்லை. பிடித்து வைத்தல் என்பது ஒரு பொதியைப் புதுப்பிக்கலாகாது என்று குறியிட்டு நிறுத்துதலாம். அத்தகைய குறி எதனையும் யாம் இட்டதில்லை. செய்யாத குற்றத்தை எம்மேற் சுமத்துகின்றதே இக்கருவி என்று வெகுண்டோம். முதல் வரியிலுள்ள இரண்டு எண்களையும் ஒப்பிட்டு நோக்கியிருப்பின் சிக்கல் முழுவதும் அங்கேயே விளங்கியிருக்கும். சினம் மிகுந்தவர்க்குக் கண்முன் உள்ளதும் தெரிவதில்லை.

முதலில் அதே ஆணையை மீண்டும் மீண்டும் எழுதினோம். கதவு திறவாதபோது அதனையே தட்டுவார்போல ஐந்து முறை எழுதியிருப்போம். விடை மாறவில்லை. பின்னர் இணையத்திலே துழாவி, எங்கோ ஒரு குறிப்பைக் கண்டோம். லிப்சி6இன் பழைய பதிப்பொன்றைத் தனியே இறக்கி, டிபிகேஜியைக் கொண்டு வற்புறுத்தி நிறுவுக என்பது அதன் சாரம். எம் கருவியிலிருந்தது 2022ஆம் ஆண்டின் உபுண்டு. அக்குறிப்போ 2020ஆம் ஆண்டின் உபுண்டுவிற்காக எழுதப்பட்டது. அதிற் சொல்லப்பட்ட லிப்சி6இன் எண் 2.31 என்று தொடங்கிற்று. யாம் அதனைக் கவனித்திலேம். எம்மைப் போன்றே துன்புற்ற ஒருவர் எழுதியது என்னும் ஆறுதலே போதுமானதாயிருந்தது. டிபிகேஜி எச்சரித்தது, எல்லாவற்றையும் மீறி நிறுவுக என்னும் விருப்பக்குறியைச் சேர்த்து ஆணையிட்டோம். அது கீழ்ப்படிந்தது.

லிப்சி6 என்பது யாதென அப்பொழுது எமக்குத் தெளிவாகத் தெரியாது. லினக்ஸில் ஓடும் நிரல்களுட் பெரும்பாலன, கோப்பைத் திறத்தல், எழுத்தைத் திரையிற் காட்டுதல், நினைவிடம் கேட்டல் முதலிய அடிப்படைச் செயல்களைத் தாமே செய்வதில்லை. அவையெல்லாம் சி நூலகம் என்னும் பொதுக் களரியினின்றும் பெறப்படுகின்றன. அந்நூலகம் அடங்கிய பொதியே லிப்சி6. ஒரு வீட்டின் எல்லாத் தூண்களும் ஒரே கற்றளத்தின்மேல் நிற்பது போல, எல்லா நிரல்களும் இதன்மேல் நிற்கின்றன. யாம் செய்தது யாதெனின், தூண்கள் நிற்கும்போதே தளத்தைப் பெயர்த்தெடுத்து, வேறு அளவிற் செதுக்கிய பழைய கல்லை அவ்விடத்திற் செருகியதேயாம்.

அடுத்த கணமே, அடைவிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும் எளிய ஆணையை எழுதினோம். "ஜிலிப்சி 2.34 காணப்படவில்லை" என்று விடை வந்தது. வேறொன்று எழுதினோம், அதே விடை. ஒவ்வொரு நிரலும் தனக்குரிய நூலகத்தைத் தேடிக் காணாது மடிந்தது. திகைத்துப்போய்க் கருவியை அணைத்து மீண்டும் ஏற்றினோம். இஃது இரண்டாம் பிழை. அது பின்னர் எழவேயில்லை. கருந்திரையிற் சில வெள்ளெழுத்துகள் தோன்றி அப்படியே நின்றன.

ஒன்பது மணியளவில் அண்ணா ஆற்றங்கரையினின்றும் மீண்டார். சட்டைப்பையில் அன்றைய தாள்கள் இருந்தன. கை கால் கழுவிவந்து, "தம்பி, பதிந்துவிட்டு உண்ணப் போகலாமா?" என்றார். யாம் நடந்ததைக் கூறினோம். அவர் சினந்து பேசவில்லை. சிறிது நேரம் திரையையே நோக்கியிருந்து, "பழைய தாள்களையெல்லாம் எரித்துவிட்டேனே, தம்பி" என்று மட்டும் சொன்னார். பின்னர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, தமக்கு நினைவிலுள்ள அளவுகளை எழுதத் தொடங்கினார். இரவு முழுதும் அவர் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். யாம் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விடியுங்காலையில் அத்தாளில் நின்றவை பதினேழு எண்கள். மறைந்தவையோ பல நூறு. ஆறு பயிற்சிகளை ஓட்டிக் காட்டுவதற்காக ஒருவருடைய ஐந்து மாதத்தை யாம் அழித்துவிட்டோம் என்னும் எண்ணம் அவ்விரவில் எம்மை விட்டு அகலவில்லை.

காலை ஏழு மணிக்குக் கணிப்பொறி ஆய்வகத்தின் பொறுப்பாளர் இல்லத்திற்குச் சென்றோம். அவர் முதியவர், குறைவாகப் பேசுபவர். நிகழ்ந்ததைக் கேட்டதும், "ஐயா, எல்லாம் போய்விட்டதா?" என யாம் வினவுமுன்னரே, "வட்டில் உள்ள கோப்புகளை நீ அழிக்கவில்லையே, படிக்கும் கண்ணைத்தான் குத்திவிட்டாய்" என்று கூறி, எம்மை ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே உபுண்டு முழுதும் அடங்கிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, எம் கருவியை அதனினின்றும் எழுப்பினார். எம் வட்டு வேறொரு கருவியின் வட்டைப் போல அதன்கீழ் இணைந்தது. அவர் முதலிற் செய்தது பழுது நீக்குதலன்று, "அந்த அண்ணனுடைய கோப்புகள் எங்கே?" என்று கேட்டு, அவற்றை வேறோர் இடத்திற் படியெடுத்ததே ஆகும். அட்டவணை திறந்தது; எண்கள் அனைத்தும் இருந்தன. அப்பொழுது அண்ணாவின் முகத்தை நோக்கும் துணிவு எமக்கு வந்திலது.

அதன்பின்னரே ஐயா, யாம் அழித்த அதே லிப்சி6 பதிப்பை ஆய்வகச் சேமிப்பினின்றும் எடுத்து எம் வட்டில் மீண்டும் அமைத்தார். கருவி எழுந்தது. "இப்பொழுது நேற்றைய மறுப்பைப் படிப்போம்" என்று எம்மை அருகில் அமர்த்திக்கொண்டு, "ஆப்ட் பாலிசி லிப்சி6" என எழுதினார். வீட்டில் உள்ள பதிப்பு எது, களஞ்சியத்திற் கிடைக்கும் பதிப்பு எது என்று காட்டும் ஆணை அது. வீட்டில் உள்ளது 3.1 என முடிந்தது. களஞ்சியத்தில் உள்ளதோ 3 என முடிந்தது. "வீட்டில் உள்ளது கடையில் இல்லை, அஃதெப்படி, தம்பி?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை. களஞ்சியங்களின் முகவரிகள் எழுதப்பட்ட கோப்பைத் திறந்தார். அதில் புதுப்பிப்புகளுக்குரிய வரியும், பாதுகாப்புத் திருத்தங்களுக்குரிய வரியும் ஹாஷ் குறியிட்டு நிறுத்தப்பட்டிருந்தன. "இக்குறிகளை இட்டவர் யார்?" என்றார்.

இட்டவர் யாமே. செப்டம்பர் மாதத்தில், கைப்பேசியின் இணையத்தைக் கொண்டே கருவியை இயக்கிவந்தபோது, புதுப்பிப்புகள் நாளளவைத் தின்றுவிடுகின்றன என்று கருதி அவ்விரு வரிகளையும் நிறுத்தினோம். பின்னர் மறந்தும் போனோம். அதற்கு முன்னரே லிப்சி6 ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 3.1 ஆகியிருந்தது. வரிகளை நிறுத்தியபின் கணக்குப்பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது, ஏப்ரல் மாதத்தில் உபுண்டு முதன்முதல் வெளிவந்தபோது இருந்த பழைய இருப்பு மட்டுமே. அவ்விருப்பில் இருந்த லிப்சி6-டெவ், தன் காலத்து லிப்சி6ஐயே கேட்டது. அது கேட்டதும் நேர்மை. வீட்டில் அஃது இல்லாமையால் ஆப்ட் மறுத்ததும் நேர்மை. உடைந்தவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றீர் என்று அது கூறியபோது சொல் வழுவியிருக்கலாம். ஆனால் பழியை எம்மேற் சுமத்தியது தவறன்று என்பதை அங்கே உணர்ந்தோம். ஐயா ஹாஷ் குறிகளை நீக்கி, களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்து, யாம் எழுதிய அதே ஆணையை எழுதினார். அரைமணி நேரத்திற்குள் கம்பைலர் வந்து அமைந்தது.

ஒரு சிறு எண் வேறுபட்டதற்காக இத்துணைப் பிடிவாதம் ஏன் என்று யாம் கேட்டோம். அவர் விளக்கியதைச் சுருக்கி உரைப்போம். லிப்சி6 நிரல்கள் ஓடுதற்கு வேண்டுவது. லிப்சி6-டெவ் நிரல்களை ஆக்குதற்கு வேண்டுவது. நூலகத்தில் என்னென்ன செயல்கள் உள, அவற்றை எவ்வாறு அழைத்தல் வேண்டும் என்று கம்பைலருக்கு அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளும், நூலகத்தோடு நிரலைப் பிணைத்தற்குரிய கோப்புகளும் பின்னதில் உள்ளன. முன்னது ஊர் என்றால் பின்னது ஊரின் படம். படமும் ஊரும் ஒரே நாளில் வரையப்பட்டனவாக இருத்தல் வேண்டும் என்று டெபியனார் விதித்துள்ளனர்; ஆதலின் இவ்விடத்திற் சார்பு இத்தனைக்கு மேற்பட்ட பதிப்பு என்று தளர்வாக எழுதப்படாமல், இப்பதிப்பே என்று சமக்குறியிட்டு எழுதப்பட்டுள்ளது. கம்பைலர் நிறுவுவோர் பலர் இவ்விடத்திலேயே இடறி விழுவதற்கு இச்சமக்குறியே காரணம்.

இனி, முரண் என யாம் பொதுவிற் கூறுவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதும் அன்று தெளிந்தோம். மெய்யான முரண் ஒருவகை. ஓர் உறையில் இரு வாள் இருத்தலாகாது என்பது போல, ஒரு கருவியில் அஞ்சல் கடத்தும் நிரல் ஒன்றே இருத்தல் வேண்டும் என்று டெபியன் கொள்கின்றது. ஆதலின் எக்சிம் என்னும் பொதியும் போஸ்ட்பிக்ஸ் என்னும் பொதியும் ஒன்றையொன்று விலக்கும். கம்பைலர்களுள்ளும் இஃதுண்டு. ஒரே கருவியில் 32 பிட்டு நிரலையும் 64 பிட்டு நிரலையும் ஆக்க உதவும் ஜிசிசி-மல்டிலிப் என்னும் பொதி, வேறு வகைச் செயலிகளுக்கு நிரல் ஆக்கித் தரும் குறுக்குக் கம்பைலர்கள் சிலவற்றோடு முரண்படும். இத்தகையவற்றில் ஒன்றைத் தெரிந்து மற்றொன்றைக் கைவிடுதலே வழி. அல்லது ஒவ்வொன்றற்கும் தனித்தனி அறை வகுத்துத் தருதல் வேண்டும்.

பதிப்புப் பொருந்தாமை மற்றொரு வகை. எம்முடையது இது. இதில் இரு பொதிகளுக்கும் இயல்பாகப் பகை இல்லை. ஒரு காலத்ததும் மற்றொரு காலத்ததும் ஒன்றாக நிறுத்தப்பட்டமையே பிணக்கிற்குக் காரணம். வேறு பதிப்பின் களஞ்சியத்தை ஆசையாற் சேர்த்துக்கொள்வோர்க்கும், புதுப்பித்தலைப் பாதியில் நிறுத்தியோர்க்கும் இதுவே நேரும். மூன்றாவதாக, முரண்போல் தோன்றி முரணாகாதனவும் உண்டு. ஜிசிசியின் பதினோராம் பதிப்பும் பன்னிரண்டாம் பதிப்பும் ஒரே கருவியில் இடர்ப்பாடின்றி வாழும். அவற்றின் கோப்புகளுக்கு வேறு வேறு பெயர் இட்டிருப்பதே அதன் காரணம். ஆகவே முரண் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒன்றை வெட்டியெறியத் துணிதல் தகாது. எவ்வகை முரண் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வளவும் கணிப்பொறியே கண்டுபிடித்துச் சரிசெய்யலாகாதா என்னும் ஐயம் வாசகர்க்கு எழும், எமக்கும் எழுந்தது. பின்னர் மேல்வகுப்பிற் படித்தபோது இதற்கு விடை கிடைத்தது. சார்புகளையும் முரண்களையும் உடைய பொதித் தொகுதியொன்றில், குறித்த ஒரு பொதியை நிறுவ இயலுமா என முடிவு செய்தல், என்பி-முழுமை என்று அறிஞர் வழங்கும் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். அவ்வகையின் முதற் கணக்கை 1971ஆம் ஆண்டில் ஸ்டீபன் குக் என்பவர் நிறுவியிருந்தார். எத்துணைப் பெரிய தொகுதிக்கும் விரைவில் விடை காணும் உறுதியான வழி இத்தகைய கணக்குகளுக்கு இன்றுவரை எவரும் கண்டிலர். நாள்தோறும் நேரும் சிக்கல்களைப் பொதி நிரல்கள் நொடியில் தீர்த்துவிடுகின்றன என்பது உண்மையே. ஆயினும், எம் கருவியிற் போலச் சரியான பொதி களஞ்சியத்தில் கண்ணுக்கே தெரியாதபோது, தீர்த்தற்கு வழியே இல்லை. இல்லாததை இல்லை என்று கூறுதலன்றி ஆப்ட் வேறென் செய்யும்?

ஆப்ட்டை ஆக்கியோர் எம்போன்றாரை நன்கு அறிந்தவர் போலும். இன்றியமையாத பொதியை நீக்க நேருங்கால், "ஆம், நான் சொல்கின்றபடி செய்" என்னும் தொடரை முழுவதும் எழுதினாலன்றி அது முன்னர் இசையாது. அவ்வாறு எழுதியும் கருவியைக் கெடுத்துக்கொண்டோர் இருந்தமையால், 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழியையும் இறுக்கிவிட்டனர். யாம் முன்வாயிலில் மறுக்கப்பட்டுப் பின்வாயிலால் நுழைந்தவர். எமக்கு எந்தக் காவலும் பயன்படவில்லை.

இளைய நண்பர்காள்! இத்தகைய மறுப்பு உங்கள் திரையிற் தோன்றுமாயின், அதனை இறுதி வரியினின்றும் தொடங்காமல் முதல் வரியினின்றும் படியுங்கள். எந்தப் பொதி எதனைக் கேட்கின்றது, அதற்கு மாறாக எஃது இருக்கின்றது என்னும் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் இருப்பையும் களஞ்சியத்தின் இருப்பையும் காட்டும் ஆணையை இட்டு ஒப்பு நோக்குங்கள். முகவரிக் கோப்பைத் திறந்து, நீங்களே முன்னர் ஏதேனும் மாற்றியதுண்டா என ஆராயுங்கள். பிடித்து வைத்த பொதிகளைக் காட்டும் ஆணையும் தனியே உண்டு. அதனையும் கேட்டுப் பாருங்கள். பிறர் எழுதிய குறிப்பைப் பின்பற்றுமுன், அஃது எப்பதிப்பிற்கு எழுதப்பட்டது என்பதை நோக்குங்கள். மீறி நிறுவும் விருப்பக்குறியைச் சி நூலகத்தின்மீது ஒருபோதும் செலுத்தாதீர்கள். இவையெல்லாவற்றிற்கும் முன்னே, உங்கள் கருவியில் பிறர் உழைப்பு ஏதேனும் தங்கியுள்ளதா என எண்ணி, இருப்பின் அதனைப் படியெடுத்து வையுங்கள்.

அன்று காலை ஆறு பயிற்சிகளையும் யாம் ஓட்டிக் காட்டவில்லை. அதற்குரிய மதிப்பெண்ணையும் இழந்தோம். அவ்விழப்பு எமக்குத் தகும். அண்ணா மறுவாரம் வழக்கம்போல் ஆற்றங்கரைக்குச் சென்றார். மாலையில் வந்து எம் கருவியிலேயே பதிந்தார். வேறோர் இடத்திற்கு அவர் போயிருந்தாலும் யாம் குறை கூறியிருக்கமாட்டோம். ஒன்று மட்டும் மாறிற்று: பதிந்த தாள்களை அவர் எரிக்காமல், பழைய பிஸ்கட் டின் ஒன்றிலிட்டுக் கட்டிலின்கீழ் வைத்தார். சனிக்கிழமைதோறும் அவர் கேட்பதற்கு முன்னரே யாம் அட்டவணையைப் பென்டிரைவில் படியெடுத்து அவர் கையிற் கொடுத்துவந்தோம். அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரை ஏற்கப்பட்டபோது, நன்றியுரையில் எம் பெயரையும் எழுதியிருந்தார். அதனைக் கண்டு எமக்கு உவகையினும் நாணமே மிகுந்தது. விடுதியை விட்டுச் செல்லும் நாளில் அவர் அப்பதினேழு எண்கள் எழுதிய தாளை எமக்குத் தந்து சென்றார். அது இன்றும் எம் மேசை அறையில் உள்ளது.